இரண்டு அங்குல ஆலோசனை

யோசனை சொல்லும் மனிதர்களைப் பற்றி உங்களுக்குப் புதிதாக எதுவும் சொல்லவேண்டியதில்லை. கேட்காமலே சொல்பவர், கேட்டால் சொல்லாதவர், சொல்லிவிட்டு வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுபவர் என்று அந்த இனத்தின் கிளைகளையெல்லாம் நீங்கள் பார்த்துச் சலித்திருப்பீர்கள். ஆனால் யோசனை கேட்பவர் என்று ஓர் இனம் உண்டே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? கவனித்திருக்கமாட்டீர்கள். பார்ப்பதற்குப் பரம சாது. "உங்க அபிப்பிராயம் தெரிஞ்சா நல்லாயிருக்கும்" என்று பவ்யமாகப் பக்கத்தில் வந்து உட்காருவார். நமக்கு உச்சி குளிர்ந்துவிடும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எல்லாம் அலசி ஒரு முடிவைச் சொல்வோம். அது அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவைத்திருக்கும் முடிவாக இருந்தால், நாம் மேதை. இல்லாவிட்டால், "பார்க்கலாம்" என்று எழுந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடுவார். 'ஆமாம்' கிடைக்கிறவரை தட்டுவார். ஊரில் கதவுகளுக்கா பஞ்சம்?

இந்த இனத்துக்கு ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பல் டாக்டரைப் பார்த்தால் போதும்.

தொழிலில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. பல்லைப் பிடுங்குவதா, காப்பாற்றுவதா என்று ஒரு பார்வையில் முடிவு செய்வார். நோயாளி படியேறி வரும் விதத்திலேயே எந்தப் பக்கம் வலி என்று சொல்லிவிடுவார். ஊசி போட்டதே தெரியாது, அவ்வளவு மெல்லிய கை. ஆனால் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டால், அந்த மனிதரால் ஒரு குடை வாங்க முடியாது. கறுப்பா, நீலமா? மடக்குவதா, நீளமானதா? நாலு பேரைக் கேட்டுவிட்டு வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவர் ஓர் எஸ்.யூ.வி. வாங்கினார். இல்லை, வாங்கியது அவர் மனைவி என்றுதான் சொல்லவேண்டும். கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் அந்த அம்மாள், ஷோரூமுக்குத் தன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனார். பெரியவருக்குப் போன வருஷம்தான் இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. ஒவ்வொரு வண்டியாக ஏறிப் பார்த்தார். ஒன்றில் குனியவேண்டியிருந்தது, ஒன்றில் எம்பவேண்டியிருந்தது. இந்த வண்டியில் மட்டும் இடுப்பை இருக்கையில் வைத்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பி, "நாற்காலியில உட்கார்ற மாதிரி இருக்கும்மா" என்றார். அதோடு மகள், கம்பெனியிலேயே பொருத்தித் தரும் சொகுசு சஸ்பென்ஷனும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். விஷயம் முடிந்தது.

அந்தச் சொகுசைப் பற்றி என்ன சொல்ல! வண்டி குழியில் இறங்கினால் குழிக்குத்தான் வலிக்கும். வேகத்தடையைத் தாண்டிய பிறகு, தாண்டினோமா என்று கண்ணாடியில் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கும். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் போய் மாமனாரை ஏற்றிக்கொண்டு செஸ் கிளப்பில் விடுவார். போகும் வழியில் பெரியவர் பாதித் தூரம் தூங்கியே விடுவார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு நாள் காலையில் கிளிப் டாக்டர் வாயைத் திறக்கும்வரை.

கிளிப் டாக்டர் என்பவர் அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் கோணல் பற்களுக்குக் கிளிப் மாட்டுபவர். அவரிடமும் ஓர் எஸ்.யூ.வி. இருந்தது. ஆனால் அதை ஸ்பிரிங்குக்கு மேல் வளையம் வைத்து உயர்த்தி, தடித்தடியாக டயர் போட்டு, யானைக்குச் சட்டை தைத்துப் போட்டதுபோல் வைத்திருந்தார். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவர் தன் வண்டியிலிருந்து குதித்து இறங்கி, நம்மவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன டாக்டர், உங்க வண்டி நிக்குதா, உட்கார்ந்திருக்கா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவ்வளவுதான். அவர் படியேறுவதற்குள் அதை மறந்திருப்பார். நம்மவருக்கு அன்று முழுவதும் அதே நினைப்பு. ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்ப்பார். ஆமாம், உட்கார்ந்துதான் இருக்கிறது. ஏன் இத்தனை நாள் கண்ணில் படவில்லை? ஏதோ தப்பு செய்துவிட்டு மூலையில் உட்கார்ந்த மாதிரி அல்லவா இருக்கிறது?

அன்று சாயங்காலத்துக்குள் முடிவு எடுத்தாகிவிட்டது. வண்டியை இரண்டு அங்குலம் தூக்கவேண்டும். இனி பாக்கி, ஊரைக் கேட்பதுதான்.

முதலில் போனில் ஓடும் வீடியோவைக் கேட்டார். அதில் தாடிவைத்த ஒருவர் உயர்த்திய வண்டியில் ஆற்றைக் கடந்தார், பாறை மேல் ஏறினார், மணல்மேட்டில் பறந்தார். டாக்டரின் வண்டி வீட்டிலிருந்து கிளினிக்குக்கும் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கும் போகிற வண்டி. வழியில் இருக்கும் ஒரே மலை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடை. அதனால் என்ன? நாளைக்கே ஓர் ஆறு குறுக்கே வராது என்று யாரால் சொல்ல முடியும்?

பிறகு நோயாளிகளைக் கேட்டார். இங்கேதான் அவருக்கு மற்ற யோசனை கேட்பவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருந்தது. நோயாளி சாய்ந்து படுத்திருப்பார். மூக்குக்கு நேரே விளக்கு, இரண்டு கன்னத்திலும் பஞ்சு, நாக்குக்கு மேல் சின்னக் கண்ணாடி, உதட்டோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய்.

"கம்பெனி சஸ்பென்ஷன் ரொம்ப சொகுசுதான், இல்லைங்கல. ஆனா வண்டி கொஞ்சம் பணிஞ்ச மாதிரி இருக்கு. ரெண்டு இஞ்ச் தூக்கிடலாம்னு பார்க்கிறேன். என்ன சொல்றீங்க?"

"ஆ..."

"அதேதான் நானும் நினைச்சேன்."

இப்படி அந்த வாரம் சொத்தைப் பல், ஆடும் பல், ஈறு வீக்கம், கடைவாய்ப் பல் என்று எல்லாத் தரப்பும் ஏகமனதாக ஆதரவு தெரிவித்தன. ஒரே ஒருவர் மட்டும், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர், குழாயைக் கையால் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"வேணாம் டாக்டர். திருப்பத்துல ஆடும். அந்த சஸ்பென்ஷனை அந்த உயரத்துக்குன்னே செஞ்சு வச்சிருக்கான். அதைப் போய்..."

"நீங்க கொப்பளிங்க" என்றார் டாக்டர்.

சர்வீஸ் மேலாளரையும் கேட்காமல் இல்லை. வாரண்டி போய்விடும் என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் வீட்டுக்கு வந்து மனைவியிடம், "சர்வீஸ்ல ஒண்ணும் தடுக்கல. வாரண்டியைப் பத்தித்தான் ஏதோ சொன்னாங்க" என்றார்.

மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடி வைத்தார்.

"எத்தனை பேரைக் கேட்டிருப்பீங்க?"

"கிட்டத்தட்ட எல்லாரையும். எல்லாரும் சரின்னுதான் சொல்றாங்க."

"வாயில பஞ்சை அடைச்சுட்டுக் கேட்டா வேற என்ன சொல்வாங்க? இதை நான் முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு உதாரணமாவே சொல்லலாம், கருத்துக் கணிப்பை எப்படி நடத்தக் கூடாதுன்னு."

"சரி, நீ என்ன சொல்ற?"

"வேணாம்கிறேன்."

"பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

அவர் எழுந்துபோவதைப் பார்த்து மனைவி சொன்னார்: "அப்பாவைக் கேட்டீங்களா? அந்த வண்டியில வாரம் தவறாம ஏறி இறங்குற இன்னொரு ஆள் அவர்தான்."

நியாயமான பேச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டார். மாமனார், நாற்பது வருஷம் பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை மேல் அவருக்கு மரியாதை அதிகம். மாப்பிள்ளை ஒன்று சொல்லி அவர் மறுத்துப் பேசியதாகச் சரித்திரமே இல்லை.

"மாமா, வண்டிக்கு லிஃப்ட் பண்ணலாம்னு ஒரு யோசனை."

அரைத் தூக்கத்தில் இருந்த பெரியவருக்கு முழிப்பு வந்துவிட்டது. "லிஃப்டா? கார்லயா? எத்தனை மாடிக்கு மாப்பிள்ளை?"

"ஐயோ, அந்த லிஃப்ட் இல்ல மாமா. வண்டியையே கொஞ்சம் உசத்துறது. ரெண்டு இஞ்ச். டயரும் கொஞ்சம் பெரிசாப் போட்டுடலாம். பார்க்க கம்பீரமா இருக்கும்."

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கை தன்னையறியாமல் இடுப்புப் பக்கம் போய்த் திரும்பியது.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ, அப்படிச் செய்யுங்க மாப்பிள்ளை."

'உங்களுக்கு எது சரின்னு படுதோ' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இஷ்டமில்லை, சொல்லவும் வாய் வரவில்லை என்று அர்த்தம். நம் வீடுகளில் பால் பல் விழாத குழந்தைக்குக்கூட இது தெரியும். டாக்டருக்கும் தெரியும்தான். ஆனால் அன்று அவர் காதில், அது 'ஆமாம்' என்று விழுந்தது.

லிஃப்ட் கிட் பொருத்தும் கடைக்காரரோ வாழ்க்கையில் இல்லை என்ற சொல்லையே உச்சரிக்காதவர். ஆமாம் மட்டும் கேட்க விரும்புகிறவரும் ஆமாம் மட்டும் சொல்லத் தெரிந்தவரும் சந்தித்தால் எப்படி இருக்கும்? ஜாடிக்கேற்ற மூடி.

"சொகுசு குறையுமா?"

"குறையாது சார்."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம் குறையும் சார். ஆனா தெரியாது."

"செய்யலாம்கிறீங்க?"

"செஞ்சிடலாம் சார்!"

செய்தாகிவிட்டது. கடையிலிருந்து வெளியே வரும்போது டாக்டருக்கு உலகமே சற்றுக் கீழே இருந்தது. பக்கத்து வண்டிகளின் கூரையில் படிந்த தூசி தெரிந்தது. சிக்னலில் நிற்கும்போது பேருந்தின் கடைசி இருக்கைக்காரர் கிட்டத்தட்டச் சம உயரத்தில் இருந்தார். அவருக்கு ஒரு புன்னகையை வழங்கினார்.

முதல் வேகத்தடையில் பல் கிட்டித்தது. பல் டாக்டரின் பல்லே கிட்டித்தது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். முன்பு குழிக்கு வலித்த வலி இப்போது முறையாக உரியவருக்கு வந்து சேர்ந்தது. சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் தன்னைத் தனித்தனியாக அறிமுகப்படுத்திக்கொண்டது. திருப்பத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, பிறகு நிமிர்ந்தது. டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. அதற்கு மேல் போனை வைத்து மறைத்துக்கொண்டார். "புதுசில்லையா, பழகிடும்" என்றார். பக்கத்தில் மனைவி கூரையோரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வந்தார். புள்ளியியல்காரர்கள் தகவல் சேகரிக்கும்போது பேசமாட்டார்கள்.

மறுநாள் கிளிப் டாக்டர் வரும் நேரம் பார்த்து, நம்மவர் கீழேயே காத்திருந்தார்.

"அடடே, தூக்கிட்டீங்களா?" என்றார் கிளிப் டாக்டர். குதிக்காமல், கதவைப் பிடித்து மெல்ல இறங்கினார். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்று கட்டியிருந்தார். "நான் இறக்கிடலாம்னு இருக்கேன் டாக்டர். முதுகு போச்சு. உங்க அபிப்பிராயம் என்ன?"

அவரும் அந்த இனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமனார் வழக்கம்போல் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், மூக்குக் கண்ணாடிப் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். வண்டியைப் பார்த்து, "அம்மாடி, ராஜா மாதிரி நிக்குதே!" என்றார். கதவைத் திறந்தார். இருக்கையைப் பார்த்தார். முன்பு இடுப்பு உயரத்தில் இருந்தது, இப்போது இடுப்பைத் தாண்டிப் போயிருந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்தார், ஒரு காலைத் தூக்கினார், மறுபடி தரையில் வைத்தார்.

"அட, மறந்தே போச்சு. இன்னைக்குக் குழாய் ரிப்பேருக்கு ஆள் வர்றேன்னு சொல்லியிருக்கான். நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை."

அடுத்த ஞாயிறு கண்ணில் ஏதோ மறைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அதற்கடுத்த ஞாயிறு, "செஸ்ஸே அலுத்துப்போச்சு மாப்பிள்ளை. எத்தனை நாளைக்குத்தான் அதே குதிரை, அதே யானை" என்றார். படியேறும் விதத்தில் பல்வலியைக் கண்டுபிடிக்கும் டாக்டர், இதையெல்லாம் அப்படியே நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை, கொஞ்சம் மனத்தாங்கலும் பட்டார். பார்த்துப் பார்த்து வண்டியைக் கம்பீரமாக்கியிருக்கிறோம், வந்து உட்கார ஆளில்லையே!

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவியின் முகம் மாறியது.

"செஸ் அலுத்துப்போச்சாமா? அம்மா போனப்புறம் அந்த மனுஷன் வாசலைத் தாண்டுறதே அதுக்குத்தான்."

"அப்போ ஏன் வரமாட்டேங்கிறார்? நீ என்ன நினைக்கிற? கேட்டுப் பார்க்கலாமா? இல்ல, உன் தம்பியை விட்டுக் கேட்கச் சொல்லலாமா?"

"யாரும் யாரையும் கேட்க வேணாம்" என்றார் மனைவி. குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. "நீங்க சும்மா போய்ப் பாருங்க. கேட்காதீங்க. பாருங்க."

மறுநாள் பிற்பகல், நோயாளி ஒருவர் வராமல்போன இடைவெளியில் டாக்டர் கிளம்பினார். மாமனார் தெருவில் பள்ளம் தோண்டியிருந்ததால் வண்டியை முனையிலேயே விட்டுவிட்டு நடந்தார். (ஆற்றையே தாண்டும் உயரத்துக்குப் பள்ளம் எம்மாத்திரம் என்பது அப்போது அவருக்கு நினைவு வரவில்லை. நாமும் நினைவுபடுத்தவேண்டாம்.) சத்தமில்லாமல் போனதால்தான் அதைப் பார்க்க முடிந்தது.

வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த சிமெண்டு முற்றத்தில், இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே ஒரு தடித்த பலகையைப் போட்டிருந்தார் பெரியவர். பலகைக்கு நேராகச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. அளந்து போட்ட கோடு. என்ன உயரம் என்று டாக்டருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பெரியவர் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை ஊன்றி, இடுப்பைப் பலகைக்கு ஏற்றப் பார்த்தார். முடியவில்லை. நின்று மூச்சு வாங்கினார். மறுபடி முயன்றார். பாதியில் வழுக்கி, கம்பியில் தொங்கி, சமாளித்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு எம்பு எம்பி ஏறி உட்கார்ந்தேவிட்டார். இரண்டு காலையும் சேர்த்து இந்தப் பக்கம் திருப்பினார். முகமெல்லாம் வேர்வையும் வெற்றியுமாக, எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஆங். கிளம்புங்க மாப்பிள்ளை."

டாக்டர் மதில் ஓரமாகவே நின்றார். தினம் எத்தனையோ பேர் வலியை மறைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்திருக்கிறார். தனக்காக ஒருவர் மறைப்பதை அன்றுதான் பார்த்தார். தான் வாராவாரம் பட்ட மனத்தாங்கலை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அந்தக் கணத்தில் யாரையாவது கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நாலடி பின்னால் போய், இருமி, கேட்டின் தாழ்ப்பாளை வேண்டுமென்றே இரண்டு தடவை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க!" பெரியவர் பலகையிலேயே, ஏதோ பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார். "சும்மா காத்து வாங்கிட்டு இருந்தேன். என்ன இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல மாமா. இந்தப் பக்கம் வந்தேன்." டாக்டர் அவர் பக்கத்தில் பலகையில் ஏறி உட்கார்ந்தார். உயரம்தான். "வண்டியைக் கடையில விடப்போறேன். பழையபடி இறக்கிடப்போறேன்."

"ஏன் மாப்பிள்ளை? கம்பீரமா இருக்கே!"

"முதுகு வலிக்குது மாமா. தாங்கல."

பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செங்கலைப் பார்த்தார். சுவர்க்கோட்டையும் பார்த்தார். மாப்பிள்ளையின் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார்.

"முதுகைக் கவனிக்கணும் மாப்பிள்ளை. அதெல்லாம் விளையாட்டில்ல."

கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "இறக்கிடலாம் சார்! இறக்கினா இன்னும் நல்லாயிருக்கும்!" பழைய உயரம், பழைய டயர், பழைய சொகுசு. மஞ்சள் விளக்கும் அணைந்தது.

"யாரைக் கேட்டு இறக்கினீங்க?" என்றார் மனைவி.

"யாரையும் கேட்கல."

அந்த அம்மாள் எழுந்து வந்து அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. கையை உடனே எடுத்துவிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் குழாய் ரிப்பேர்காரனையும் கண் மறைப்பையும் ஒரேயடியாக மறந்துவிட்டு, வாசலில் முன்கூட்டியே வந்து நின்றார். உட்கார்ந்து, காலைத் திருப்பி, கதவைச் சாத்திக்கொண்டார். பள்ளிக்கூட வேகத்தடை வருவதற்குள் தூங்கிவிட்டார். செஸ் கிளப்பில் எல்லா ஆட்டத்திலும் தோற்றார். ஆட்டம் விட்டுப்போய்விட்டது என்று எதிராளிகள் கேலி செய்ததை, வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? அதெப்படித் திருந்துவார்? கிளினிக்கின் வரவேற்பறைக்கு வெளிர் நீலம் அடிப்பதா, இளம்பச்சை அடிப்பதா என்று போன வாரத்திலிருந்து ஊரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீல பெயிண்ட் வாங்கியே ஒரு மாதம் ஆகிறது. கேட்டால் பச்சை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், 'பார்க்கலாம்' என்பார்.

இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். மைத்துனரோ, மேலதிகாரியோ, பக்கத்து வீட்டுக்காரரோ. 'அப்படியே அவர்தான்' என்று தொடையைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். இதை அவருக்கும் அனுப்பிவைத்தால் என்ன என்றுகூட ஆசை வந்திருக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அனுப்புவதற்கு முன்னால், அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறதா?

போச்சு.